சுவரொட்டியில் வந்த சர்க்கரை

காகிதத்தில் சர்க்கரை இருக்கிறது என்று நான் சொன்னபோது, கல்லூரி வாசலில் டீக்கடை வைத்திருந்தவர் சிரித்துவிட்டார். "அப்ப நம்ம கடைக்கு மாசம் பத்து கிலோ போட்டுருங்க மேடம்" என்றார். கேலி செய்துவிட்டுப் போகட்டும், நான் சொன்னது உண்மைதான். காகிதம், வைக்கோல், கரும்புச் சோகை, சோளத்தட்டை எல்லாவற்றுக்குள்ளும் இருப்பது ஒரே வகை நார். சர்க்கரைத் துகள்கள் வரிசையாகக் கைகோத்து நிற்கும் சங்கிலிதான் அது. கோத்த கையைப் பிரித்துவிட்டால் சர்க்கரை கிடைக்கும். சர்க்கரையை ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைத்தால் எரிசாராயம் கிடைக்கும். பிரிப்பதற்குத் தண்ணீரே போதும். இறுக மூடிய பாத்திரத்தில் தண்ணீரை அடைத்து, கொதிநிலைக்கு வெகு மேலே சூடாக்க வேண்டும். ஆவியாகிப் போக வழியில்லாத தண்ணீர் நாரைக் கரைக்க ஆரம்பிக்கும். நாலு சொட்டு அமிலமும் விட்டால் வேலை சீக்கிரம் நடக்கும்.

மதுரைக்கு மேற்கே, வயல்களை மேடாக்கிக் கட்டிய ஒரு தனியார் கல்லூரியில் நான் வேதியியல் ஆசிரியை. அதே மாதிரி வயல்களில் களை எடுத்த குடும்பம்தான் என்னுடையதும். எங்கள் வகையறாவில் முதன்முதலாக டாக்டர் பட்டம் வாங்கியவள் என்ற கர்வம் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு. கோபமும் அப்படித்தான். யாராவது என்னைத் திருத்தினால் முதலில் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும், அவர் என்ன சொன்னார் என்பது அப்புறம்தான் காதில் விழும். அந்தக் குணம் ஒரு மனிதரை என்ன செய்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவர் எங்கள் ஆய்வகத்தின் உதவியாளர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை மேடம் என்பார். அந்தக் கல்லூரியில் பதினோரு வருடங்களாக இருந்தார், பதினோரு வருடங்களும் தற்காலிகமாக. மே மாதம் அவருடைய உத்தரவு முடியும், ஜூனில் புது உத்தரவு வரும். நடுவில் வருகிற சில நாட்கள் அவர் கல்லூரிக்கு யாரோ. கழுத்தில் மாட்டியிருந்த அடையாள அட்டையில் படத்துக்குக் கீழே சிவப்புப் பட்டையில் "தற்காலிகம்" என்று அச்சிட்டிருப்பார்கள். வெளியே டீ குடிக்கப் போனால் அட்டையைச் சட்டைப்பைக்குள் திருப்பிப் போட்டுக்கொள்வார்.

எனக்கு ஒரு சிறிய ஆய்வு நிதி கிடைத்தபோது கல்லூரி முதல்வர் எங்கள் இருவரையும் கூப்பிட்டுச் சொன்னார். இந்த ஆய்வு இரண்டாம் கட்டத்துக்குப் போனால் ஆய்வக உதவியாளர் இடம் நிரந்தரமாகும். அறையை விட்டு வெளியே வந்ததும் அவர் என்னிடம் கேட்டார்.

"மேடம், அப்ப அந்தச் சிவப்புப் பட்டை போயிருமா?"

"போயிரும்ணே. நானாச்சு."

நானாச்சு என்று சொன்னேன். என் வாயால்தான் சொன்னேன்.

எங்கள் பாத்திரத்தை ஊருக்குள் ஒரு பட்டறையில் செய்து வாங்கினோம். தடித்த எவர்சில்வர் உருளை, மேலே எட்டு போல்ட் போட்டு முடுக்குகிற மூடி, அழுத்தம் காட்டுகிற ஒரு மீட்டர். பெயர் என்னவோ பெரிதாக இருந்தது, நாங்கள் குக்கர் என்றே சொன்னோம். அவர்தான் அதற்கு எல்லாம். போல்ட்டை எதிரெதிராக முடுக்க வேண்டும், ஒரே பக்கமாக முடுக்கினால் மூடி கோணிக்கொள்ளும் என்பது அவருக்குக் கை வந்த விஷயம். ஆனால் நிதி கொஞ்சம், குக்கரும் அதற்கேற்றதுதான். நூற்றைம்பது டிகிரிக்கு மேல் போனால் மூடிக்கு அடியில் இருக்கிற காஸ்கெட் வளையம் கசிந்து சீறும். காகித நார் அசைந்து கொடுக்க அந்தச் சூடு போதாது. எங்களுக்கு அது தெரியும், இருந்தாலும் ஏதாவது நடக்காதா என்று முயன்றுகொண்டே இருந்தோம்.

சர்க்கரை வந்ததா என்று பார்க்க ஒரு மஞ்சள் திரவம் உண்டு. குக்கரில் வடித்த நீரோடு அதைக் கலந்து சூடாக்கினால், சர்க்கரை இருந்தால் செங்கல் நிறத்துக்கு மாறும். எங்களுக்கு மாதக்கணக்கில் மஞ்சளாகவே இருந்தது. அலுவலகத்துக் கழிவுக் காகிதம், நோட்டுப் புத்தகம், வைக்கோல், எதைப் போட்டாலும் மஞ்சள். போதாததற்குக் கல்லூரியின் பழைய காகிதத்தைக் கடையில் எடைக்குப் போட்டுவிடுவார்கள், கேட்டு வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஒருநாள் எரிச்சலில் கத்தினேன்.

"காசில்லாத காகிதம் இந்த ஊர்ல எங்கண்ணே கிடைக்கும்?"

"சுவத்துல இருக்கே மேடம்" என்றார்.

கல்லூரிக்கு வருவதற்கு முன் அவர் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தவர். மதுரைச் சுவர்களைப் பற்றி நான் சொல்லி யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. இங்கே ஒருவர் காது குத்தினாலும் போஸ்டர், கல்யாணம் கட்டினாலும் போஸ்டர், தலைவருக்குப் பிறந்தநாள் வந்தாலும் போஸ்டர், செத்தாலும் போஸ்டர். ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி ஒட்டி, ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் அது அட்டை மாதிரி தடித்திருக்கும். மழை பெய்த மறுநாள் போனால் விரலை விட்டு உரித்து மொத்தமாக எடுத்துவிடலாம். அவர் இரண்டு சாக்கு நிறையக் கொண்டுவந்து இறக்கினார்.

அதைக் கிழித்துத் தண்ணீரில் ஊறப்போடும் வேலையில் அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர் வந்தால், படத்தில் இருக்கும் முகத்தை மட்டும் கத்தரியால் வெட்டித் தனியாக வைத்துவிடுவார். மீதியைத்தான் குக்கருக்குக் கொடுப்பார். வெட்டிய முகங்கள் ஒரு பிஸ்கட் டப்பாவில் சேரும். வைகையில் தண்ணீர் ஓடுகிற நாட்களில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார்.

"அதையும் சேத்துப் போடுங்கண்ணே, ரெண்டு கிராம் கூடும்" என்று நான் சீண்டுவேன்.

"முகத்தைக் கொதிக்க வைக்கக் கூடாது மேடம். வீட்டாளுக பாத்தா என்ன நெனைப்பாக?"

"வீட்டாளுக எங்க நம்ம லேப்புக்கு வரப் போறாக?"

"வந்தா?" என்பார். கத்தரி அடுத்த முகத்துக்குப் போய்விடும்.

போஸ்டரைப் போட்ட முதல் நாளே நிறம் மாறியது. சாதாரணமாக இல்லை, நல்ல செங்கல் சிவப்பு. நான் நம்பவில்லை. மறுபடி செய்தோம், மறுபடியும் சிவப்பு. மூன்றாவது தடவையும் வந்தபோது நான் ஆய்வகத்திலேயே கையைத் தட்டிக் கத்தினேன், பக்கத்து வகுப்பில் பாடம் நின்றுபோயிற்று. வடித்த நீரை ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைத்தோம். அதைக் காய்ச்சி இறக்கியதில் ஒரு சின்னக் குப்பி சாராயம் கிடைத்தது. அவர் அதை விளக்கில் ஊற்றித் திரியைப் பற்றவைத்தார். நீல நிறமாக, புகையே இல்லாமல் எரிந்தது.

"சுவத்துல கெடந்தது எரியுது பாருங்க மேடம்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

நூற்றைம்பது டிகிரியில் நார் உடைந்துவிட்டது என்றால் அது பெரிய செய்தி. எப்படி உடைந்தது? நான் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். மதுரை வெயிலிலும் மழையிலும் மாதக்கணக்கில் கிடந்ததால் நார் முன்கூட்டியே நைந்துவிட்டது, அதனால்தான் குறைந்த சூட்டிலேயே பிரிகிறது. சொல்லச் சொல்ல எனக்கே பிடித்துப்போயிற்று. கட்டுரையாக எழுதினேன், படம் வரைந்தேன். கோச்சடையில் இருக்கிற என் வீட்டிலிருந்து தெருவே கேட்கும்படி, கூடப்பிறந்த அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

ஆய்வகத்தில் அவர் ஒரே ஒரு தடவை, ஊறிய போஸ்டரைக் கையால் பிசைந்துகொண்டே கேட்டார்.

"மேடம், இதுல அம்புட்டும் பசையா இருக்கே. அதுவா இருக்குமோ?"

"மூணு தண்ணி கழுவிட்டோம்ல? பசை எல்லாம் போயிருக்கும்ணே."

"இது அப்படிப் போகாது மேடம். மைதாவைக் காச்சி மயில்துத்தம் போட்டு எடுக்கிற பசை. நான் எம்புட்டு ஒட்டியிருக்கேன். காஞ்சா சுவரு வரும், பசை வராது."

"நீங்க குக்கரைப் பாருங்கண்ணே" என்றேன். அந்தக் குரல் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. என்னிடம் யாராவது அப்படிப் பேசியிருந்தால் நான் அங்கேயே பதில் சொல்லியிருப்பேன். அவர் குக்கரைப் பார்க்கப் போனார்.

மைதா என்பது மாவு. மாவிலும் அதே சர்க்கரைதான் கைகோத்து நிற்கிறது, ஆனால் பிடி தளர்ந்த கை. நூற்றைம்பது டிகிரியெல்லாம் அதற்குத் தேவைக்கு மேல். இது எனக்குத் தெரியாததா? முதலாண்டு மாணவர்களுக்கு வருடா வருடம் நானே செய்து காட்டுகிறேன். சோற்றுப் பருக்கையில் ஒரு சொட்டு அயோடின் விட்டால் நீலக் கறுப்பாக மாறும், மாவு இருக்கிறது என்று அர்த்தம். அந்த அயோடின் குப்பிகளை மேசை மேசையாக வைப்பது அவர்தான். மதுரையில் இருந்துகொண்டு, மதுரைப் போஸ்டரைக் கொதிக்க வைத்து, பசையை மறந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நிதி கொடுத்தவர்கள் ஆய்வைப் பார்வையிட ஒரு நாள் குறித்தார்கள். மூன்று பேர் வருவதாக இருந்தது. அன்று காலை நான் புதுப்புடவை கட்டி, படங்களைச் சரிபார்த்துக்கொண்டு என் மேசையில் இருந்தேன். அவர் இரண்டு கண்ணாடித் தட்டுகளைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். ஒன்றில் கழுவிய போஸ்டர் துண்டு. இன்னொன்றில் சாதாரண வெள்ளைக் காகிதம். இரண்டிலும் அயோடின் விட்டிருந்தார். வெள்ளைக் காகிதத்தில் மேலாக ஒரு மங்கல் நீலம். ஆலையில் எல்லாக் காகிதத்துக்கும் லேசாகப் பூசுகிற கஞ்சி அது, பெரிய விஷயமில்லை. போஸ்டர் துண்டு மை கொட்டிய மாதிரி கன்னங்கரேலென்று கறுத்திருந்தது.

நான் அதைப் பார்த்தேன். பார்த்த உடனே எல்லாம் புரிந்துவிட்டது. புரியவில்லை என்று ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

"மேடம், வாரவுக கண்டுபிடிச்சுக் கேக்குறதுக்கு முன்னாடி நாமளே சொல்லிருவோமா?" என்றார்.

சொன்னால் இரண்டாம் கட்டம் இல்லை. இரண்டாம் கட்டம் இல்லையென்றால் சிவப்புப் பட்டை போகாது. என்னைவிட அது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அந்தத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். எனக்கு அன்று அது உறைக்கவில்லை. கோபம்தான் வந்தது. இந்த நேரத்தில், இந்தப் புடவையில், இதையா கொண்டுவந்து வைப்பது என்ற கோபம்.

"அப்புறம் பாத்துக்கலாம்ணே. இதைக் கழுவி வைங்க."

 அவர் தட்டுகளை எடுத்துக்கொண்டு கழுவப் போனார்.

வந்தவர்களில் ஒருவர் வயதானவர், அதிகம் பேசாதவர். என் படங்களை எல்லாம் பார்த்து முடித்தபின் அலமாரியில் கிடந்த பழைய விடைத்தாள் கட்டு ஒன்றை உருவி, "இதைப் போட்டு இப்ப ஒரு தடவை செய்யலாமா?" என்று கேட்டார். மறுக்க முடியுமா? எங்கள் உதவியாளர் போல்ட்டுகளை எதிரெதிராக முடுக்கினார். சூடேற்றி, ஆறவைத்து, திறந்து, வடித்துப் பார்க்க மதியம் ஆகிவிட்டது. எல்லோரும் சுற்றி நின்றோம். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

"அப்ப போஸ்டர்ல மட்டும் என்ன இருக்கு?" என்று அந்தப் பெரியவர் கேட்டார்.

பசை என்று ஒரு சொல். அதைச் சொல்லியிருந்தால் போதும். தப்பு என்னுடையது, இன்று காலைதான் தெரிந்தது என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். முதல்வர் நின்றார், துறைத் தலைவர் நின்றார், என்னைவிட இளையவர்கள் இரண்டு பேர் வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் வாயிலிருந்து வந்தது வேறு.

"சாம்பிள் எடுத்துட்டு வந்து கழுவுறது எல்லாம் லேப் அசிஸ்டெண்ட் சார். அதுல ஏதாவது விட்டுப்போச்சான்னு நான் விசாரிக்கணும்."

எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கையில் சோதனைக் குழாய்கள் அடுக்கிய தாங்கி இருந்தது. பெரியவர் அவரிடம், "நல்லாக் கழுவினீங்களாப்பா?" என்று கேட்டார்.

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் இவ்வளவு வருத்தம் எனக்கு இருந்திருக்காது.

"சரியாக் கழுவாம விட்டுட்டேன் சார். பசை இருந்திருக்கும்" என்றார்.

அன்று சாயங்காலம் அவர் குக்கரைத் தேய்த்துக் கழுவி, துடைத்து, ஸ்பானரை ஆணியில் மாட்டினார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் அறையிலேயே இருந்தேன், ஏதோ எழுதுகிற மாதிரி. மே மாதம் உத்தரவு முடிந்தது. ஜூனில் அவருக்குப் புது உத்தரவு வரவில்லை. கவனக்குறைவு என்று கோப்பில் எழுதியிருந்தார்கள், கீழே என் கையெழுத்தும் இருந்தது. வாங்கினார்கள், போட்டேன். கடைசி நாள் அறை வாசலில் நின்று, "வாரேன் மேடம்" என்றார். "சரிண்ணே" என்றேன். எழுந்திருக்கக்கூட இல்லை.

எனக்கு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. நல்லதுதான் நடந்தது. தவறு உதவியாளருடையது என்பதால் எனக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார்கள். இரண்டாம் கட்டமும் வந்தது, இருநூறு டிகிரிக்கு மேல் தாங்குகிற புதுக் குக்கரும் வந்தது. இப்போது விடைத்தாளிலும் வைக்கோலிலும் நிஜமாகவே சர்க்கரை வருகிறது. ஐந்து நிமிடம் கூடுதலாக வைத்தால் அந்தச் சர்க்கரையும் கருகிப்போகும் என்பதால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கிறோம். மிஞ்சும் கரியை அழுத்திக் கட்டியாக்கி அடுப்பில் எரித்துக் காட்டுகிறோம். முதல்வர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், உதவியாளர் இடம் நிரந்தரமானது. அதில் வேறொருவர் இருக்கிறார். நல்ல மனிதர். அவருடைய அட்டையில் சிவப்புப் பட்டை இல்லை. அயோடின் வகுப்பை மட்டும் நான் வேறு ஆசிரியைக்கு மாற்றிக் கொடுத்துவிட்டேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

பழைய உதவியாளர் ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜில் வேலைக்குச் சேர்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அந்த வழியாகத்தான் என் பஸ் போகும். ஒருநாள் பஸ் நின்றபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். லாட்ஜ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், ரொம்ப மெலிந்து, முகம் வீங்கினாற்போல. அவரும் என்னைப் பார்த்துவிட்டார். எழுந்து கையைத் தூக்கினார். நான் குனிந்து போனைப் பார்க்க ஆரம்பித்தேன். திரையில் ஒன்றுமே இல்லை. பஸ் கிளம்புகிற வரைக்கும் குனிந்தே இருந்தேன். இதை நினைக்கிறபோதெல்லாம் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வர வேண்டும் என்று பல தடவை நினைத்தேன். அவர் வீடு வில்லாபுரத்தில் என்று தெரியும். கோச்சடையில் ஏறி ஒரு பஸ் மாறினால் போதும். பரீட்சை முடியட்டும், மழை விடட்டும், பொங்கல் போகட்டும் என்று தள்ளிக்கொண்டே இரண்டு வருடத்தைக் கழித்தேன்.

போன பங்குனியில் ஒரு காலை, பஸ் ஆரப்பாளையத்தில் நின்றபோது அந்தச் சுவரில் ஒரு புதுப்போஸ்டர் இருந்தது. கண்ணீர் அஞ்சலி. லாட்ஜ் பணியாளர்கள் போட்டிருந்தார்கள். படத்தில் அவர். எந்தப் படம் என்று பார்த்த உடனே தெரிந்தது. எங்கள் கல்லூரி அடையாள அட்டைக்கு எடுத்தது, ஆய்வக வெள்ளைக் கோட்டின் கழுத்துப் பட்டி தெரிகிறது. அதைவிட நல்ல படம் அவரிடம் இருந்திருக்காது. சிவப்புப் பட்டையை மட்டும் வெட்டிவிட்டிருந்தார்கள்.

இறங்கிவிட்டேன். பக்கத்தில் போய் அந்த முகத்தின் மேல் கையை வைத்தேன். பசை இன்னும் காயவில்லை, ஓரத்தில் வழிந்து என் விரலெல்லாம் ஒட்டிக்கொண்டது. சுவரைப் பார்த்துக்கொண்டு நடு பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதேன். பூக்காரம்மா ஒருத்தி, "சொந்தமாம்மா?" என்று கேட்டாள்.  கல்லூரிக்குப் போகாமல் வில்லாபுரம் பஸ்ஸில் ஏறினேன்.

தெருவை விசாரித்துக் கண்டுபிடித்தபோது வாசலில் பந்தல் பிரிக்காமல் இருந்தது. அவர் போய் மூன்று நாளாகியிருந்தது. உள்ளே கால் வைக்கும் முன் எதிர்வீட்டு அம்மா ஒருத்தி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"காலேஜ் மேடமா?"

ஆமாம் என்றேன். எப்படித் தெரியும் என்று கேட்கத் தோன்றவில்லை. அவள் தன் வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டாள்.

அவருடைய மனைவியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. தரையில் உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கணவர் சிறுநீரகம் பழுதாகி, வாரம் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு, அப்படியும் லாட்ஜ் வேலையை விடாமல் இருந்திருக்கிறார். அதையெல்லாம் அழாமல் சொன்னார். அலமாரி மேல் அந்தப் பிஸ்கட் டப்பா இருந்தது. சொல்லிக்கொண்டே வந்தவர் என் கையைப் பார்த்து நிறுத்தினார்.

"கையில என்ன மேடம், வெள்ளையா?"

"பசை" என்றேன்.

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒழுங்காகத்தான் கழுவினார் என்றேன். பசையாக இருக்குமோ என்று முதலிலேயே கேட்டவர் அவர்தான் என்றேன். அன்று காலை இரண்டு தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தது, நான் பார்த்தது, பார்த்துவிட்டுக் கழுவி வைக்கச் சொன்னது, மதியம் அத்தனை பேருக்கு முன்னால் அவர் தலையில் பழியைப் போட்டது. "தப்பு என்னோடது. அவரு மேல பழி போட்டு என் வேலையைக் காப்பாத்திக்கிட்டேன்" என்றேன்.

அவருடைய மனைவி கடைசி வரை கேட்டார். சொல்லி முடித்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தெரியும் மேடம். அன்னைக்கு ராவே சொல்லிட்டாக."

அவரே மேலே சொன்னார்.

"நான் திட்டினேன். போய் நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டுட்டு வாங்கன்னு சொன்னேன். கேக்கல. மேடம் பயந்துட்டாக, அம்புட்டுத்தேன், ஒருநாள் அவுகளா வந்து சொல்லுவாகன்னாக. நீங்க பஸ்ல போறதப் பாத்துட்டு வந்து, இன்னைக்கு மேடத்தப் பாத்தேன்னு சந்தோசமாச் சொன்னாக."

லாட்ஜ் வாசலில் அவர் கையைத் தூக்கியது எனக்கு ஞாபகம் வந்தது. நான் குனிந்திருந்ததை அவர் வீட்டில் சொல்லவில்லை.

நான் கல்லூரியில் எழுதிக் கொடுப்பதாகச் சொன்னேன். கோப்பில் இருப்பதை மாற்றச் சொல்லுவேன் என்றேன். அதன்படியே அந்த வாரம் எழுதிக் கொடுத்தேன், முதல்வர் படித்துவிட்டு, போனவருக்கு இனிமேல் என்ன ஆகப் போகிறது என்று கேட்டார். அவருடைய மனைவியோ அன்றைக்கு அப்படி எதுவும் கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. சொல்லாமல் எழுந்து வாசலுக்கு வந்தேன். அவரும் பின்னாலேயே வந்தார். எதிர்வீட்டு அம்மா இன்னும் அங்கேயே நின்றிருந்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போறன்னைக்கெல்லாம் வீட்டுச் சாவிய அவுக இந்த அக்காகிட்ட குடுத்துட்டுத்தான் வருவாக மேடம்" என்று அவருடைய மனைவி என்னிடம் சொன்னார். "நாம இல்லாத நேரம் பாத்துக் காலேஜ் மேடம் வந்துட்டா, திறந்து உக்கார வச்சுக் காப்பி குடுங்க, பாவம் ரொம்பத் தூரத்துல இருந்து வருவாகன்னு சொல்லிட்டு வருவாக. ரெண்டு வருசமா ஒருநாள் தப்பாது. கடைசியாப் போனன்னைக்குக் குடுத்த சாவி இன்னும் இவுககிட்டத்தான் இருக்கு."

கோச்சடை அவ்வளவு ஒன்றும் தூரம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் அவருடைய மனைவி தெருவைக் கடந்து எதிர்வாசலுக்குப் போய்க் கையை நீட்டினார்.

"அக்கா, சாவியக் குடுத்துருங்க. மேடம் வந்துட்டாக."